சாம்பலுக்கடியில் ஒரு சாப்பாட்டுக் கடை

கேள்வி: இத்தாலியில் இருந்த பாம்பேய் நகரத்தில் எரிமலைக் குழம்பு பட்டு மனிதர்கள் அப்படியே கல்லாகிவிட்டார்களாமே? வாட்ஸ்அப்பில் படமே வந்தது. (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: எனக்கும் வந்தது. கல்லும் இல்லை, குழம்பும் இல்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது முதலில் மணிக்கணக்கில் நுரைக்கல் கொட்டியது, கூரைகள் சரிந்தன. அப்புறம் கொதிக்கும் சாம்பல் தரையோடு தரையாகப் பாய்ந்து வந்து, ஊரில் மிஞ்சியவர்களை முடித்துவிட்டது. சாம்பல் இறுகியது, உள்ளே சதை மக்கி, ஆள் கிடந்த வாகிலேயே ஒரு பொந்து மட்டும் நின்றது. 1863-இல் ஃபியோரெல்லி என்பவர் அந்தப் பொந்துகளில், கை ஒடிந்தால் கட்டுப் போடுகிறார்களே, அந்த மாவைக் கரைத்து ஊற்றினார். நீங்கள் பார்த்த படம் அதுதான். உள்ளே எலும்பு இருக்கிறது.

அந்த எலும்பில் எடுத்த டிஎன்ஏ முடிவு 2024-இல் வந்தது. தங்கக் காப்புப் போட்டுக் குழந்தையோடு கிடந்த 'தாய்' என்று காலங்காலமாக உருகிச் சொல்லிவந்த உருவம் ஓர் ஆண். அந்தக் குழந்தைக்கு ரத்த உறவும் இல்லை. காப்புப் போட்டாலே பெண்தான் என்று யார் சொன்னது?

கேள்வி: ஏற்காடு ஏரியும் ஒரு காலத்தில் எரிமலை வாய்தானா சார்? (கல்லூரி மாணவர், ஏற்காடு)

பதில்: இல்லை தம்பி. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது, வயது 200 கோடி ஆண்டுக்கு மேல். நிம்மதியாகப் படகு விடுங்கள்.

கேள்வி: நம்ம தட்டுவடை செட் கடை மாதிரி பாம்பேயில் ஏதாவது கிடைத்ததா? (வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: கேட்டீர்களே ஒரு கேள்வி! 2020 டிசம்பரில் ஒரு கடையையே முழுதாக வெளியே எடுத்துக் காட்டினார்கள். தெருவைப் பார்த்த மேடை. மேல்பக்கம் வட்ட வட்டமாக வாய்கள், கீழே பதித்த சாடிகள், அதற்குள் பண்டம். மேடை முகப்பில் தலைகீழாகத் தொங்கும் வாத்துகள், ஒரு சேவல், எல்லாம் வண்ணம் மங்காமல். ஒரு சாடியில் வாத்து எலும்பு. கூடவே பன்றி, ஆடு, மீன், நத்தை. ஒயின் சாடியின் அடியில் அரைத்த மொச்சை மாதிரி ஒரு பயறு. ஒயினுக்கு ருசியும் நிறமும் மாற்றப் போடுவார்களாம். தக்காளியும் மிளகாயும் ரோமர்கள் கண்ணில்கூடப் பட்டதில்லை, ஆகவே சிவப்புச் சட்னியை மறந்துவிடுங்கள்.

சங்கிலி போட்ட நாய்ப் படம் ஒன்றும் உண்டு. அதைச் சுற்றி யாரோ நிசியாஸ் என்ற ஆளைத் திட்டிக் கீறி வைத்திருக்கிறார். கடைக்காரரோ என்னவோ. அந்த வார்த்தையை ஆசிரியர் அச்சிட மாட்டார்.