ஓவியத்தை வாங்கினேன், சேலையில் அச்சிடக் கூடாதா?

கேள்வி: மெல்பர்னில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே ஒரு கலை மையத்தில் பூர்வகுடி ஓவியர் ஒருவரின் புள்ளி ஓவியத்தை 4,800 டாலருக்குச் சான்றிதழோடு வாங்கினேன். "சேலையில் போட்டால் நன்றாக இருக்கும்" என்றேன். ஓவியரான அந்தப் பெரியவர் சிரித்துத் தலையாட்டினார். சூரத்தில் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி 300 சேலை அச்சடித்தேன், பாதி விற்றாயிற்று. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. படத்தில் இருப்பது அவர்கள் குலத்துச் சுனையாம், யாரையும் கேட்கவில்லையாம். பெயர் போட்டு, மதிப்போடுதானே செய்தேன்? மீதியைச் சென்னைக்கு அனுப்பி விற்கலாமா?

பதில்: மதிப்பு, மனவருத்தம், கொடுத்த பணம் எல்லாம் இருக்கட்டும். அச்சிட எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? இல்லை. நீங்கள் வாங்கியது கேன்வாஸை மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் 1968 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. தலையாட்டியதை வாய்மொழி அனுமதி என்று வாதிடலாம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி நான் வழக்கு நடத்த மாட்டேன்.

அனுமதி கொடுத்தார் என்றே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 1998-ல் புலுன் புலுன் என்ற பூர்வகுடி ஓவியரின் வழக்கு வந்தது. வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஆர்னெம் லேண்டின் கனல்பிங்கு குலத்தாருடைய நீர்நிலையை அவர் வரைந்த ஓவியம், இறக்குமதித் துணியில் அச்சாகியிருந்தது. பதிப்புரிமை ஓவியருடையது, குலத்துக்கு அதில் பங்கில்லை என்றுதான் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஓவியர் தன் குலத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு உள்ளவர், அதாவது குலத்தின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர் என்றும் சொன்னது. அவர் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் குலத்தார் நீதிமன்றப் படியேறவும் வழி இருக்கிறது. அந்த வழக்கில் ஓவியரே முந்திக்கொண்டதால் அதற்குத் தேவை வரவில்லை.

ஒரு சுனைப் படத்துக்கு இவ்வளவா என்று நினைக்காதீர்கள். கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் 1997-ல் தங்கள் நிலத்தை 8-க்கு 10 மீட்டர் கேன்வாஸில் வரைந்து, அவரவர் இடத்தின் மேல் நின்றபடி நில உரிமைத் தீர்ப்பாயத்திடம் பேசினார்கள். 2007-ல் அந்த உரிமை அங்கீகரிக்கப்பட்டது. நமக்குப் பட்டா எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

என் கவலை வேறு. இந்த மாதிரி நோட்டீஸ் வந்ததும் கட்சிக்காரர்கள் முதலில் செய்வது, காரை எடுத்துக்கொண்டு நேரே ஓவியர் வீட்டுக்குப் போவது. கையில் பழைய தேதி போட்ட ஒரு தாள், கூடவே கொஞ்சம் ரொக்கம். ஆங்கிலம் சரளமாக வராத, வக்கீல் பக்கத்தில் இல்லாத ஒரு முதியவரிடம் அப்படி வாங்கிய கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. பதிப்புரிமைத் தகராறாக இருந்தது, பொய் ஆவணம் தயாரித்த கதையாகிவிடும். போனில்கூடப் பேசாதீர்கள்.

அடுத்தது சரக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு விற்கும் ஒவ்வொரு சேலையும் தெரிந்தே விற்றதுதான். கூடுதல் இழப்பீடு கேட்க அதுவே அவர்களுக்குப் போதும். சென்னை யோசனையை விட்டுவிடுங்கள். இந்தியச் சட்டமும் இந்த ஓவியத்தைப் பாதுகாக்கிறது, சூரத்தில் அச்சடித்ததே மீறல்தான். பயந்துபோய்ச் சேலைகளை எரித்தும் விடாதீர்கள், எண்ணிப் பூட்டி வையுங்கள்.

நிறம் மாற்றியதும், கம்பெனி பெயரில் விற்றதும் கேடயமாகாது. 1994 கம்பள வழக்கில், வியட்நாமில் நெய்து பெர்த் நிறுவனம் இறக்குமதி செய்த கம்பளங்களில் பூர்வகுடி ஓவியங்களை அனுமதியில்லாமல் போட்டிருந்தார்கள், சிலவற்றில் ஓவியத்தை எளிமையாக்கியும் இருந்தார்கள். அதையும் மீறல் என்றே நீதிமன்றம் சொன்னது. சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு. அதில் ஓவியர்களுக்கு ஏற்பட்ட பண்பாட்டுத் துன்பத்துக்கென்றே ஒரு தொகை உண்டு. நிறுவனத்தை நடத்தியவரும் சொந்தப் பொறுப்பிலிருந்து தப்பவில்லை.

சமரசம் பேசுங்கள். நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போகட்டும்: விற்பனை நிறுத்தம், விற்ற கணக்கு, மீதிச் சேலைகள் ஒப்படைப்பு, விற்றதற்கு ஒரு தொகை, எழுத்தில் மன்னிப்பு. ஒப்பந்தத்தில் ஓவியர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அந்தச் சுனைக்காகப் பேசும் உரிமை உள்ள மூத்தவர்கள் யார் என்று அவர்கள் தரப்பு வக்கீலிடமே கேட்டு, அவர்களையும் சேர்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.