மாண்டலினா, மாண்டோலாவா, பூசூக்கியா? கேள்வி பதில்

வந்த கேள்விகளை எல்லாம் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான்: பெயர். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாண்டலின் குடும்பத்தில் கையில் இருப்பது எது என்று தெரிய இரண்டு விஷயம் போதும். எந்தச் சுருதிக்குத் தந்தி கட்டியிருக்கிறது? நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி படியும் துண்டு) குதிரை வரை (வயிற்றின் மேல் தந்தியைத் தாங்கும் கட்டை) தந்தியின் நீளம் எவ்வளவு? உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு என்ன சொல்கிறது என்பது மூன்றாவதுதான்.

கேள்வி: அண்ணா, மாண்டலின், மாண்டோலா, மாண்டோசெல்லோ எல்லாம் ஒரே வாத்தியத்தின் சின்னது பெரியதா, இல்லை வேறு வேறா?

பதில்: வயலின் குடும்பம் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. மாண்டலினுக்கு வயலின் சுருதி: தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ. மாண்டோலாவுக்கு வியோலா சுருதி: சி, ஜி, டி, ஏ. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போனால் மாண்டோசெல்லோ. செல்லோவும் அதே இடம்தான். ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் எப்போதும் ச–ப இடைவெளி. அதனால் ஒன்றில் பழகிய விரல் அமைப்பு மற்றதிலும் அப்படியே செல்லும். ஸ்வரத்தின் பெயர் மட்டும் மாறும். மாண்டோபாஸ் மட்டும் தனி வழி. டபுள் பாஸ் மாதிரி இ, ஏ, டி, ஜி என்று ச–ம இடைவெளியில் நான்கு ஒற்றைத் தந்திகள், நீளம் ஒரு மீட்டருக்கு மேல். பார்க்க ஆசையாக இருக்கும், தூக்க ஆசை வராது.

இந்த ஒழுங்கு தற்செயல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாண்டலின் ஆர்கெஸ்ட்ரா மோகம் பரவியிருந்தது. வயலின் குவார்ட்டெட்டுக்கு எழுதியதை அப்படியே வாசிக்கத் தோதாக ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வாத்தியம் தேவைப்பட்டது.

கேள்வி: ஐயா, "மாண்டோலா" என்று சொல்லிப் பழைய வாத்தியம் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். சீட்டு கிழிந்துபோயிருக்கிறது. எட்டுத் தந்தி. மாண்டலின் மாதிரி ஜி-டி-ஏ-இ வைக்கச் சொன்னார்கள். வைக்கப் போனால் இ தந்தி மூன்று தடவை அறுந்துவிட்டது. மாண்டோலாவுக்கு சி-ஜி-டி-ஏ என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது?

பதில்: உங்களுக்குச் சொன்னவரும் தப்பில்லை, புத்தகமும் தப்பில்லை. அமெரிக்காவில் மாண்டோலா என்றால் சி-ஜி-டி-ஏ. ஜெர்மானிய மாண்டலின் ஆர்கெஸ்ட்ராக்களில் மாண்டோலா என்றால் ஜி-டி-ஏ-இ, ஆனால் மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. இதையே பிரிட்டனில் ஆக்டேவ் மாண்டோலா என்பார்கள், அமெரிக்காவில் ஆக்டேவ் மாண்டலின் என்பார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டில் மூன்று செல்லப்பெயர். சி-ஜி-டி-ஏ வாத்தியத்தை டெனர் மாண்டோலா என்று சொல்லிவிட்டால் சண்டை வராது.

தந்தி நீளத்தை அளந்து எழுதுங்கள். குதிரை வரை அளக்க வேண்டாம். அது ஒட்டாத குதிரை, யாராவது நகர்த்தியிருக்கலாம். நட்டிலிருந்து 12வது மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 350 மி.மீ. பக்கம் என்றால் மாண்டலின். 400 முதல் 430 என்றால் டெனர் மாண்டோலா. 500 முதல் 580 என்றால் ஆக்டேவ். 600ஐத் தாண்டினால் பூசூக்கியோ மாண்டோசெல்லோவோ. அந்த இரண்டையும் பிரிப்பது தந்தியின் தடிமன்: மாண்டோசெல்லோவின் சி தந்தி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும், பார்த்தாலே கயிறு மாதிரி. அளந்துவிட்டு வாருங்கள். அதுவரை இ தந்தியைத் தொடாதீர்கள்.

கேள்வி: மெல்லிய தந்தி போட்டால் பெரிய வாத்தியத்திலும் மாண்டலின் சுருதி வரைக்கும் ஏற்றலாம் அல்லவா?

பதில்: எல்லோரும் ஒரு தடவை போடும் தப்புக் கணக்கு இது. நானும் போட்டிருக்கிறேன், புறங்கையில் சிவப்புக் கோடோடு கற்றுக்கொண்டேன். தந்தி மெல்லியதானால் அதே சுருதிக்குக் குறைந்த இழுவை போதும், உண்மைதான். ஆனால் அது தாங்கும் பலமும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. ஆகவே வெறும் எஃகுத் தந்தி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தடிமன் முடிவு செய்வதில்லை. நீளம்தான் முடிவு செய்கிறது. 350 மி.மீ.யில் மேல் இ, அதாவது 659 ஹெர்ட்ஸ், நிம்மதியாக நிற்கும். 430க்குப் போனால் அறும் விளிம்புக்கு வந்துவிடும். 550இல் வாய்ப்பே இல்லை.

இறக்குவதில் வேறு தொல்லை. ஒரு ஸ்தாயி கீழே விட்டால் இழுவை நாலில் ஒரு பங்காகிவிடும். தந்தி தொளதொளவென்று மெட்டில் அடித்துக்கொள்ளும், அழுத்தி மீட்டினால் ஸ்வரம் ஏறி இறங்கும். தடித்த தந்தி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் மாண்டலினின் சின்ன வயிற்றுக்கு அந்தக் கீழ் ஸ்வரத்தை வெளியே தள்ளத் தெம்பு கிடையாது.

கேள்வி: சார், வயலின் பத்து வருஷம் வாசித்தேன். மாண்டலின் இரண்டே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. ஆக்டேவ் மாண்டலின் எடுத்தால் விரல் எட்டவே மாட்டேன் என்கிறது. என் கை சின்னதா?

பதில்: கை சரியாகத்தான் இருக்கிறது. வயலின் விரலமைப்பில் ஆள்காட்டி விரல் 2வது மெட்டிலும் சுண்டுவிரல் 7வதிலும் இருக்கும். 352 மி.மீ. மாண்டலினில் அந்த இரண்டு மெட்டுக்கும் நடுவில் சுமார் 79 மி.மீ. 406 மி.மீ. மாண்டோலாவில் 91. சிரமப்பட்டால் முடியும். 559 மி.மீ. ஆக்டேவில் 125. 635 மி.மீ. மாண்டோசெல்லோவில் 142. ஒரு ஸ்கேலை எடுத்து 142 மி.மீ. குறித்து, அதன் மேல் விரலை விரித்துப் பாருங்கள், எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

ஆகவே ஆக்டேவில் விரலுக்கு ஒரு மெட்டு என்று கிட்டார்க்காரர் மாதிரி வையுங்கள். 7வது மெட்டு ஸ்வரத்துக்குச் சுண்டுவிரலை இழுக்காதீர்கள். அடுத்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அதே ஸ்வரம் இருக்கிறது. வேகமான பாட்டுகளை மாண்டலினுக்கே விட்டுவிடுங்கள். டெனர் மாண்டோலாவுக்கு நிறையப் பேர் வருவதில்லை, எனக்கு அது வருத்தம். வயலின் கை பழகியவருக்கு அதுதான் எல்லை, அதுவரை போனால் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கிறது.

கேள்வி: ஜோடித் தந்தி எதற்கு? சுருதி சேர்ப்பதே பெரும்பாடு.

பதில்: மீட்டிய மாண்டலின் தந்தி சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டு தந்தி இருந்தால் சத்தம் கூடும், ட்ரெமலோவில் (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக மீட்டுவது) பிக் இரண்டையும் மாறி மாறித் தொடுவதால் நாதம் இடைவெளி இல்லாமல் ஓடும். இரண்டும் இம்மியளவு விலகியிருப்பதில்தான் அந்த மினுமினுப்பு.

சேர்க்கும்போது ஜோடியில் ஒன்றை விரல்நுனியால் அமுக்கி ஊமையாக்குங்கள். மற்றதைக் கீழிருந்து ஏற்றி ட்யூனரில் நிறுத்துங்கள். பிறகு ட்யூனரை மறந்துவிட்டு, இரண்டாவதைக் காதால் முதலாவதோடு சேருங்கள். "உவா உவா" என்ற அலை மெல்ல மெல்ல நீண்டு மறையும் இடம்தான் சுருதி. ஏறிப்போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி கீழிருந்து வாருங்கள்.

கேள்வி: பானை முதுகு, தட்டை முதுகு, சுருள் வைத்தது... எதில் நாதம் நல்லது?

பதில்: "நல்லது" என்று ஒன்று இல்லை. வட்டமான முதுகு உள்ளது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வகை. 1835இல் பாஸ்குவாலே வினாச்சியா அதை எஃகுத் தந்தி தாங்கும்படி மாற்றியமைத்தார். நாதம் இனிப்பு, மெல்லிசு. மடியில் வழுக்கிக்கொண்டே போகும், தொடைக்குக் கீழே ஒரு ரப்பர் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஆர்வில் கிப்ஸன் 1898இல் வாங்கிய காப்புரிமையில் மேல் பலகையும் முதுகும் வயலின் மாதிரி குடைந்து செதுக்கியவை. 1922இல், கிப்ஸன் நிறுவனத்தில் லாயிட் லோர் இருந்த காலத்தில் வந்த எஃப்-5 என்ற வகை அதற்கு வயலின் போல எஃப் துளைகளையும் தந்தது. குரல் இறுகிப் பளிச்சென்று வெட்டும். பில் மன்ரோ கையில் இருந்தது 1923இல் செய்த எஃப்-5. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை என்றால் அந்த ஒலி என்றே ஆகிவிட்டது. முட்டைத் துளை உள்ளதில் நாதம் கொஞ்சம் நீண்டு, வெதுவெதுப்பாக நிற்கும்.

மேல் முனையில் இருக்கும் சுருள் அலங்காரம். அதற்குள் நாதம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அதே மரம், அதே துளை என்றால் சுருள் இல்லாத ஏ வடிவமே வாங்குங்கள் என்பேன். கோபித்துக்கொள்பவர்கள் ஏற்கெனவே சுருள் வைத்தது வாங்கியவர்கள்.

கேள்வி: விவால்டி மாண்டலினுக்கு எழுதியிருக்கிறார் என்கிறார்களே, அது இதே வாத்தியமா?

பதில்: பெயர் மறுபடியும் ஏமாற்றுகிறது. அவர் காலத்து மாண்டலினோ குட்டி லூட் போன்றது, குடல் தந்தி, பெரும்பாலும் ச–ம இடைவெளியில் சுருதி. இன்று அந்த கான்செர்ட்டோக்களை ஜி-டி-ஏ-இ மாண்டலினில் வாசிப்பது சகஜம், நன்றாகவும் இருக்கிறது. சில இடங்களில் விரல் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று கேட்டால் காரணம் இதுதான்.

கேள்வி: அயர்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பூசூக்கி கிரீஸ் நாட்டு வாத்தியம் இல்லையா?

பதில்: கிரீஸிலிருந்து போனதுதான். 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹன் அதை அயர்லாந்து இசைக்குள் கொண்டுவந்தார். பிறகு ஆண்டி இர்வைன், டோனல் லன்னி கையில் ஊன்றியது. அங்கே போனதும் பானை முதுகு தட்டையாகிவிட்டது, சுருதி ஜி-டி-ஏ-டி ஆனது. கிரேக்கத்தில் பழைய ஆறு தந்தி வகைக்கு டி-ஏ-டி. எட்டுத் தந்தி வகைக்கு சி-எஃப்-ஏ-டி, கிட்டாரின் மேல் நான்கு தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கியது போல.

ஆக்டேவ் மாண்டலினுக்கும் அயர்லாந்து பூசூக்கிக்கும் வித்தியாசம் கேட்டால் நீளமும் பழக்கமும்தான். பூசூக்கி நீளம், 600 முதல் 660 மி.மீ. கீழ் ஜோடிகளில் ஒன்றை ஒரு ஸ்தாயி மேலே வைப்பவர்கள் உண்டு. அப்போது தடித்த தந்திக்குப் பக்கத்தில் வெள்ளிக்கம்பி மாதிரி ஒன்று கூடவே பேசும். பாட்டுக்குப் பின்னால் விரிக்கப் பூசூக்கி. கொஞ்சம் பின்னணி, கொஞ்சம் மெலடி என்றால் ஆக்டேவ். ஐந்தாவது ஜோடி சேர்ந்தால் சிட்டர்ன் என்பார்கள். ஐந்து ஜோடி உள்ள எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல முடியாது. இத்தாலியின் லியூட்டோ கன்டாபிலேயும் ஐந்து ஜோடிதான்; அது மாண்டோசெல்லோவின் தலையில் ஒரு இ சேர்த்தது.

கேள்வி: கர்நாடக இசைக்கு எட்டுத் தந்தி மாண்டலின் ஆகுமா?

பதில்: ஆகும், ஆனால் கமகம் உங்களோடு மல்லுக்கட்டும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஜோடியின் இரண்டும் ஒரே அளவு ஏறுவதில்லை, ஸ்வரம் இரண்டாகப் பிளக்கும். உ. ஸ்ரீநிவாஸ் எட்டை விட்டு, கெட்டி மரத்தில் செய்த எலெக்ட்ரிக் மாண்டலினில் 5 ஒற்றைத் தந்திகளுக்குப் போனதன் அருமை அங்கே தெரியும். ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் நாதமும் நின்று பேசும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவுக்கு அது முக்கியம். குடும்பத்தில் அதற்கு எந்த இடம் என்றால், உடம்பு மாண்டலின், மனசு வீணை.

கேள்வி: பிரேசில் பண்டோலிம்? பாஞ்சோ மாண்டலின்?

பதில்: பண்டோலிம் அதே ஜி-டி-ஏ-இ தான், உடம்பு அகலம், ஷோரோ இசையின் குரல், ஜேகப் டோ பண்டோலிம் என்ற கலைஞரின் பெயரிலேயே வாத்தியம் உட்கார்ந்திருக்கிறது. ஹாமில்டன் டி ஹொலாண்டா 10 தந்தி வைத்து வாசிக்கிறார். பாஞ்சோ மாண்டலின் தோல் போர்த்தது. பக்கத்து அறையில் இருப்பவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: கிட்டார் கார்டு தெரியும். மாண்டலினில் ஆரம்பத்திலிருந்து படிக்கணுமா?

பதில்: கிட்டாரின் கீழ் நான்கு தந்திகள் இ, ஏ, டி, ஜி. தலைகீழாகப் படியுங்கள்: ஜி, டி, ஏ, இ. உங்களுக்குத் தெரிந்த கார்டின் கீழ் நான்கு தந்தி வடிவத்தை மேல் கீழாகக் கவிழ்த்து வைத்தால் மாண்டலினில் அதே கார்டு. முதல் வாரத்துக்குப் போதும். பிறகு மாண்டலினுக்கென்று உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி: ஐயா, அளந்துவிட்டேன். 12வது மெட்டு வரை 265 மி.மீ. இதே அளவு குதிரை வரைக்கும் இல்லை, அந்தப் பக்கம் 258தான் இருக்கிறது.

பதில்: 265ஐ இரண்டால் பெருக்கினால் 530. ஆக்டேவ் மாண்டலின், சந்தேகமே வேண்டாம். ட்யூனர் "இ" என்று மட்டும்தான் காட்டியிருக்கும், எந்த ஸ்தாயி இ என்று உங்களைக் கேட்டிருக்காது. நீங்கள் மேல் இ தேடி ஏற்றியிருக்கிறீர்கள். சி, டி பக்கம் வரும்போதே அறுந்திருக்குமே? உங்கள் இ, கிட்டாரின் மிக மெல்லிய தந்தியின் இ. 330 ஹெர்ட்ஸ். ஆக்டேவ் மாண்டலின் செட் என்று கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் பின்பக்கக் கொக்கியைப் பாருங்கள்: தந்தி நுனியில் வளையம் மாட்டுவதா, குண்டு நிற்பதா என்று.

குதிரையோ யாரோ நகர்த்தியதுதான். புதுத் தந்தி போட்டுச் சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு, 12வது மெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை வால்பக்கம் தள்ள வேண்டும். உங்களுடையது அப்படித்தான் இருக்கும். 265ஐவிட ஒரு சில மில்லிமீட்டர் கூடுதலாகவே வந்து நிற்கும், தடித்த தந்திப் பக்கம் இன்னும் கொஞ்சம். தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, குதிரையின் அடியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்துங்கள். எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள், குதிரை கீழே விழுந்து எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகும்.