பி.பிளான் கேட்கும் மகளும் மேஸ்திரி அப்பாவும்

வணக்கம் ஐயா,

"பி.இ. வேண்டாம், பி.பிளான்தான் படிப்பேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்று திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பி.பிளான் என்றால் ஊர்களையும் நகரங்களையும் திட்டமிடக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு. படிப்பைத்தான் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மேலூர் ரோட்டில் 'டிடிசிபி அப்ரூவ்டு' (நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் பெற்றது) என்று போர்டு வைத்துத்தானே பிளாட் விற்கிறார்கள்? அந்த அப்ரூவலுக்கு எத்தனை தடவை காத்துக் கிடந்திருப்பீர்கள்! எங்கே வீடு வரலாம், எந்தக் கண்மாயைத் தொடக்கூடாது, ரோடு எத்தனை அடி என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற வேலை அது.

நம்ம மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவைதான் வெளிவீதிகள். அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. உங்கள் தொழில்காரர் பெயரில் ஒரு வீதி!

சேர்க்கை விஷயம் சுருக்கமாக: பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். ஜேஇஇ மெயினில் இதற்கென்று தனித்தாள் உண்டு. இயற்பியலும் வேதியியலும் அதில் கிடையாது. படிப்பு நாலு வருடம். விஜயவாடா, போபால், டெல்லியில் உள்ள எஸ்.பி.ஏ. என்னும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களில் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லை என்றால், இங்கேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க். (கட்டடக்கலை) ஐந்து வருடம் படித்துவிட்டு, திட்டமிடலில் மேற்படிப்பான எம்.பிளான் போகலாம். அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பணி உண்டு. வருடா வருடம் அறிவிப்பு வரும் என்று மட்டும் நம்பி உட்காரக்கூடாது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. "பொம்பளப் பிள்ளை, ரோடு ரோடாக அலைய வேண்டுமே?"

அலையத்தான் வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் நின்று, போக்குவரத்துக் கணக்குக்காக வண்டி எண்ண வேண்டிவரும். என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பிறகு இந்தத் துறைக்குப் போன ஒரு பெண், செல்லூர்ப் பக்கம் வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போனாள். தாளில் 'வீட்டிலிருந்து வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்' என்று ஒரே வரி. வாசலில் இருந்த அம்மா சொன்னது வேறு: பிள்ளையைப் பால்வாடியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு. அந்த ஒரு வரியில் இது எப்படி அடங்கும்? கூடப் போன சீனியர் அக்காதான், "ஓரத்தில் எழுதிவிடு, ராத்திரி சேர்த்துக்கொள்ளலாம்" என்றாராம். தனியாகப் போயிருந்தால் அதை விட்டிருப்பேன் என்று சொன்னாள்.

வெயிலை விட மோசமானது இன்னொன்று. அவள் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் போட்ட வரைபடம், மீட்டிங்கில் வேறொருவர் வேலையாகப் போய்விட்டது. அழுதிருக்கிறாள். அந்த அக்கா இரண்டு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். வரைபடத்தின் மூலையில் போட்டவர் பெயர் இருக்க வேண்டும்; முதல் நாள் சாயங்காலமே எல்லோருக்கும் மெயில் போக வேண்டும். மூன்றாவதை அங்கே வேலை பார்த்த பெண்களே கண்டுபிடித்தார்கள். மீட்டிங்கில் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி, "இவள் சொன்னது போல" என்று பெயரோடு எடுத்துச் சொல்வது. இப்போது பதினோரு பேர் ஒரு வாட்ஸப் குழுவில். தேர்வு நோட்ஸ், எந்த ஆபீஸில் சம்பளம் இழுத்தடிப்பார்கள், இருட்டின பிறகு சைட்டில் இருப்பவளின் லொகேஷன் எல்லாம் அதில் ஓடும். பிரசவத்துக்குப் போய் வந்த ஒருத்திக்கு, வீட்டிலிருந்தே மேப் போடும் வேலையும் அதில்தான் கிடைத்தது.

அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது, பிளேஸ்மென்ட் எத்தனை என்று கேட்டதோடு திரும்பிவிடாதீர்கள். கடைசி வருடப் பெண் ஒருத்தியிடம் மகளைத் தனியாகப் பேசவிடுங்கள். களத்துக்கு இரண்டு பெண்களாக அனுப்புவார்களா, வண்டி உண்டா, கழிப்பறைக்கு எங்கே போவது? இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை இருவரும் வாருங்கள். செல்லூருக்குப் போன பெண்ணையும் வரச்சொல்கிறேன். அவர்கள் பேசும்போது நீங்களும் நானும் கீழே போய் டீ குடிக்கலாம்.