படத்தின் ஓரத்தில் ஒரு கை

கேள்வி: தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் வழியில், யானையைப் படம் எடுக்க இரண்டே நிமிடம் காரை விட்டு இறங்கினோம். 30 அடி தள்ளித்தான் நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வனத்துறை அபராதம் போட்டுவிட்டது. காசு செலவழித்து வருகிறவர்களை இப்படி நடத்தலாமா? எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன், வெளியிடவும்.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அபராதம் போட்டது சரி. 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாகியிருக்கிறது. உங்களிடம் அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது இரண்டும் முறம் மாதிரி விரிந்து நிற்கின்றன. வால் விறைத்திருக்கிறது. முன்னங்காலை ஒட்டி, வயிற்றுக்கடியில் ஒரு குட்டி. 'கிட்டே வராதே' என்று அந்தத் தாய் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் இது. யானை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம்வரை ஓடும். உங்கள் 30 அடியைக் கடக்க அதற்கு இரண்டு நொடிகூட வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்க் கதவைத் திறக்க உங்களுக்கு எத்தனை நொடி ஆகும்?

'நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள்' என்று அந்தச் சாலையில் சும்மா எழுதிவைக்கவில்லை. அந்தச் சாலை போகும் முதுமலை 1940-லேயே சரணாலயம், 2007-லிருந்து புலிகள் காப்பகம். பக்கத்துச் சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். அதற்காக விடுதிகளையே காலி செய்யச் சொன்ன தீர்ப்பை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். யானை அங்கேயே இருக்கிறது. ஹார்னுக்கும் கூச்சலுக்கும் மிரண்ட யானை, மறுநாள் பக்கத்து ஊர்களான மாவனல்லாவிலோ வாழைத்தோட்டத்திலோ மாடு ஓட்டி வருகிறவரை எதிரே பார்க்கும். ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள அவரிடம் கார் கிடையாது. யானை தாக்கி ஒருவர் இறந்தால் மூன்று வரிச் செய்தி வரும். முந்தின நாள் அதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று எந்தப் பத்திரிகையும் விசாரிப்பதில்லை. நாங்களும் விசாரித்ததில்லை, அந்தக் குற்றம் எங்களுடையது.

கொடைக்கானல் டால்பின் நோஸ் பாறை நுனியில் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். தவறி விழுந்தால் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்குகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

உங்கள் படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, கவனித்தீர்களா? காக்கிச் சட்டைக் கை; பிடித்திருப்பது ஒரு குச்சி. வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்க வேண்டும். அந்த வேலையில் அங்கே பலர் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள். நீங்கள் ஃபோனைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உங்களுக்கும் யானைக்கும் நடுவில் அவர் நின்றிருக்கிறார்.

படத்தை வெளியிட மாட்டோம். இதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அங்கே இறங்குவார்கள்.