மூன்று மூலக்கூறுகள் இரண்டாகும்போது நிறை குறையாதா?

வணக்கம். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் வினைபுரிந்து இரண்டு நீர் மூலக்கூறுகளே உருவாகின்றன என்றால், மூன்று இரண்டாகக் குறையும்போது நிறை மாறா விதி பொய்த்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் இந்த ஐயம் எழாமலேயே சமன்பாட்டை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

வேதிவினையில் மாறாதிருப்பது அணுக்களின் எண்ணிக்கையே. மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறலாம். 2H₂ + O₂ → 2H₂O என்னும் சமன்பாட்டின் இடப்பக்கம், ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள் வீதம், 4 ஹைட்ரஜன் அணுக்களும் 2 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன; ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் இருப்பதால் வலப்பக்கமும் அதே 4, அதே 2 வருகின்றன. பழைய பிணைப்புகள் முறிந்து அணுக்கள் புதிதாக இணைகின்றனவே தவிர, ஓர் அணுவும் அழிவதில்லை. ஏறத்தாழ 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் முழுமையாக வினைபுரிந்தால் 36 கிராம் நீர் கிடைக்கும்.

சமன் செய்யும்போது வாய்பாட்டுக்கு முன்னுள்ள எண்ணை மட்டுமே மாற்றுங்கள். நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் வேறொரு பொருளாகிவிடும்.