கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முழுக்க ரேடியோவில் வெறும் பேச்சு கேட்டால் அலுக்காதா?

எனக்கு அலுத்ததே இல்லை. பாட்டில்லாத பேச்சு நிகழ்ச்சிகளை, அதுவும் கிறிஸ்துமஸ் நெருங்கும் நாளில், காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேட்கிறேன், வருஷா வருஷம்.

கிருஷ்ணகிரி பக்கம், எலத்தகிரிக்குக் கிட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடை. சுற்றுவட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். அதனால் மற்ற தையல் கடைகளுக்குத் தீபாவளி எப்படியோ, எங்களுக்கு டிசம்பர் 24 அப்படி. ராத்திரிப் பூசைக்குப் போட வேண்டிய ஜாக்கெட்டும் பிள்ளைகளின் பாவாடை சட்டையும் அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் போயாக வேண்டும். கண்ணும் கையும் துணியிலேயே இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். டிவியைப் பார்த்தால் தையல் கோணிவிடும். பாட்டு என்றால் கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தத்தோடு கலந்து, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதே தெரியாது. பேச்சு அப்படி இல்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று மனசு அவர் பின்னாலேயே போகும். அதற்குள் நாலு ஜாக்கெட் முடிந்திருக்கும்.

அப்பா காலத்தில் மிதி மெஷின். மத்திய அலையோ சிற்றலையோ, தைத்துக்கொண்டே கேட்பார். பிறகு மோட்டார் மாட்டினோம், ரேடியோ கெட்டது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசுகிற இடத்தில் பறக்கும் சின்னச் சின்னப் பொறிகளை மத்திய அலையும் சிற்றலையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். மெஷினை ஓட்டினால் பேச்சுக்கு மேல் 'கர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். பண்பலையில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது: பகலில் தருமபுரி பண்பலை, மோட்டாரும் ஓடும். ராத்திரி சிற்றலை. அப்போது மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொக்கி வைப்பது, ஹெம்மிங், காஜா எடுப்பது என்று கைவேலைதான்.

ஆகாசவாணியின் தருமபுரி நிலையம் 102.5இல் வருகிறது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. நிதானமான பேச்சு வேண்டுமென்றால் அரசு வானொலிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. காலையில் சிந்தனை மாதிரி ஏதாவது வரும். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டு வளர்ந்த காது இது, அதனால் யார் பேசினாலும் அவர் அளவுக்கு எளிமையாகச் சொல்கிறார்களா என்று பார்க்கத் தோன்றும். எல்லாருக்கும் அது வராது. பரவாயில்லை, கேட்பேன்.

அப்புறம் விவசாயப் பேச்சு. டிசம்பர் கடைசி என்றால் எங்கள் பக்கம் மா பூவெடுக்கும் நேரம். தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சினால் பூ கருகிக் கொட்டும். அந்தப் பூச்சி வடிக்கும் பிசுபிசுப்பான நீரில் கரும்பூசணம் பிடித்து இலையெல்லாம் கறுத்துப்போகும். மரத்துக்குள் வெயில் விழும்படி கிளையைக் கழிக்கச் சொல்வார்கள். பூ நன்றாக விரிந்திருக்கும்போது மருந்தடித்தால் மகரந்தம் சேர்க்க வரும் ஈயும் தேனீயும் செத்துவிடும் என்று எச்சரிப்பார்கள். எனக்குத் தோப்பு கிடையாது. ஆனால் அளவு ஜாக்கெட் கொண்டுவரும் அக்காமாரில் பாதிப் பேர் வீட்டில் பெங்களூரா மாந்தோப்பு உண்டு. துணி வாங்க வந்தவர்கள் அந்தப் பத்து நிமிஷமும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெருநாள் செலவுக்குக் கடன் வாங்கியவர்களுக்கு அந்தப் பூதான் கணக்கு. கிறிஸ்துமஸ் என்ற சொல்லே அந்த நிகழ்ச்சியில் வராது. எனக்கு அதுதான் எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி.

மதியம் திருச்சிச் செய்தி. சாப்பாடு.

பிற்பகலில் ஒரு வருஷம் பெண்களுக்கான நிகழ்ச்சியில் ஒரு அம்மா அதிரசம் பற்றிப் பேசினார். இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள நல்ல பதில் இதுதான். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைக் காட்டாமல், "கையில் அள்ளினால் ஈரம் தெரியணும், உதறினால் ஒட்டக் கூடாது" என்றார். பாகுக்கு, "தண்ணியில ஒரு சொட்டு விடுங்க. கரையாம நிக்கணும், விரலால எடுத்தா மெத்துனு உருளணும்" என்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். காட்டுவதற்குப் படம் இல்லாததால் அந்த அம்மா தன் விரல் அறிந்ததையெல்லாம் சொல்லாக மாற்ற வேண்டியிருந்தது. வீடியோவில் பார்த்துச் செய்தபோது எனக்கு இரண்டு முறை எண்ணெயில் பிரிந்துபோனது. இவர் சொன்னதைக் கேட்டுச் செய்தது பிரியவில்லை.

சாயந்திரம் அப்பாவின் நேரம். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் தேடிப் பிடிப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களான திருவருகைக்காலத்துக்கான மறையுரை, நேயர் கடிதம். ஒருமுறை அவர் போட்ட அஞ்சலட்டையை வாசித்தார்கள். கடல் தாண்டிப் போன எங்கள் ஊர்ப் பெயர் திரும்பி எங்கள் கடைக்குள்ளேயே வந்து ஒலித்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சிற்றலை 2018இல் நின்றது. இணையத்தில் தொடர்கிறார்கள், கேட்கிறேன். ஆனால் இரைச்சலுக்கு நடுவே முள்ளைத் திருப்பித் திருப்பி அந்தக் குரலைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ராத்திரி எட்டரைக்கு பிபிசி. இங்கிலாந்தில் அப்போது மதியம் மூன்று மணி. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் டிசம்பர் 24 அன்று ஒன்பது பைபிள் வாசகங்களும் கீதங்களுமாக நடக்கும் வழிபாடு. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் தொடங்கியது. 1928இல் முதல்முறை ஒலிபரப்பானது, 1930 தவிர மற்ற எல்லா வருஷமும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பாதுகாப்புக்காக எந்த ஆலயம் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் ஒலிபரப்பினார்களாம். குளிரில், பேர் சொல்லாத ஒரு இடத்திலிருந்து வாசகம் மட்டும் வருகிறது. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாரும் அதில் வரும் பாட்டைத்தான் புகழ்வார்கள். நான் வாசகங்களுக்காகக் கேட்கிறேன். முதல் வாசகத்தைப் பாடகர் குழுச் சிறுபிள்ளை வாசிக்கும், ஒன்பதாவதைக் கல்லூரித் தலைவர் வாசிப்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் ஆதாம், ஆபிரகாம், நாசரேத்து, பெத்லகேம் என்று பெயர்கள் வர வர, "இது இந்த இடம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே கொக்கி வைப்பார்.

அப்பா இப்போது இல்லை. ஃபோனில்தான் கேட்கிறேன், மோட்டாரால் இரைச்சல் வராது. இருந்தாலும் எட்டரைக்கு மோட்டாரை நிறுத்திவிடுவேன். போன வருஷம் அந்த நேரத்தில் ஒரு ஆயா ஜாக்கெட் வாங்க வந்தார். "இருங்க ஆயா, கொக்கி மட்டும் பாக்கி" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்து கொஞ்சம் கேட்டுவிட்டு, "யாரும்மா பேசறது? நம்ம பாஷை இல்லையே" என்றார்.

"தூதர் வந்து மாதாகிட்ட சொல்ற இடம் ஆயா."

அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் மூன்று கொக்கி பாக்கி இருந்தது, மெதுவாகவே வைத்தேன்.