வீட்டுக்குள் இயற்கை வழிச் செடி வளர்ப்பு: மண்ணின் பிஎச், விளக்கு வெளிச்சம் – கேள்வி பதில்

ஜன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறோம். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். துளிர் எல்லாம் மஞ்சளாக வருகிறது. புளித்த மோர் ஊற்றியும் தேறவில்லை. என்ன செய்வது? (வேளச்சேரி)

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடி இலைகள் முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்து போதவில்லை, அல்லது வேரில் ஈரம் தேங்குகிறது. துளிரில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளிறினால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் பெரும்பாலும் இரும்பு இருக்கும். மண்ணின் அமில-கார அளவான பிஎச் (7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 7.5-ஐத் தாண்டியதும் வேர் அதை எடுக்க முடியாமல் போகிறது.

உங்கள் தொட்டியில் நான் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அது ஒவ்வொரு முறையும் மண்ணைக் கொஞ்சம் காரமாக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். மோரில் உள்ள அமிலத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும், பிஎச் பழைய இடத்துக்கே திரும்பும். வீட்டுக்குள் நாற்றமும் சிறு ஈக்களும்தான் மிச்சம்.

மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுவதே சிறந்த வைத்தியம். அது இல்லாதபோது ஆர்.ஓ. குடிநீரைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்.ஓ. கழிவு நீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. அப்புறம், கந்தகத் தூள் ஒரு கிலோ மண்ணுக்கு அரை கிராம் அளவில் மேல்மண்ணில் கலந்து ஈரமாக வையுங்கள். பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்ற வாரக்கணக்கில் ஆகும். பலன் தெரியவில்லை என்று அவசரப்பட்டு மறுபடி போடாதீர்கள்.

பிஎச்சை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான ஊசிக் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். 10 கிராம் காய்ந்த மண்ணை 25 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, பேனா வடிவ டிஜிட்டல் மீட்டரால் அளவெடுங்கள். அதற்கு முன் மீட்டரை, பிஎச் 4, 7 என அளவு தெரிந்த கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும், அதை மேலும் திருத்தப் பாடுபடாதீர்கள்.

ஹாலில் சிறுகீரை விதைத்தேன். நூல் போல நீண்டு சாய்கிறது. மண்புழு உரம் கூட்டலாமா? (மதுரை)

வேண்டாம். இது வெளிச்சக் குறை. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் என்றால், இரவில் விளக்கு போட்ட ஹாலில் சில நூறு லக்ஸ்தான். மொபைலில் லக்ஸ் மீட்டர் செயலி வைத்து அளந்து பாருங்கள், ஓரளவுக்குத் தெரியும்.

வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். மண் காயாது, வேருக்குக் காற்று கிடைக்காது, இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து உரம் வைக்கிறோம், பிஎச்சைத் திருத்துகிறோம். எனக்கு வரும் மஞ்சள் இலைப் படங்களில் பல இப்படிப்பட்டவைதான். அதனால்தான் மண்ணில் கை வைக்கும் முன் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

நான்கடி அலமாரிக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் இரண்டு மாட்டுங்கள். செடியின் தலைக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. உயரம் போதும். தினம் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 17 யூனிட் ஆகும்.

ஊதா நிற வளர்ப்பு விளக்குதான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. வெள்ளை விளக்கிலேயே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு அது பெரிய இழப்பு.

அதே அலமாரியில் கொத்தமல்லியும் வைத்தேன். சீக்கிரமே பூத்துவிட்டது.

சிறுகீரை போன்ற தண்டுக்கீரை இனங்கள் பகல் குறுகினால் பூக்கும். கொத்தமல்லி பகல் நீண்டாலும் சூடு கூடினாலும் பூக்கும். இரண்டுக்கும் ஒரே நேரக் கணக்கு சரிவராது. கீரைக்கு 14 மணி நேரம் வையுங்கள். கொத்தமல்லியை வேறு தட்டுக்கு மாற்றி, டைமர் போட்டு 11 மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு போடலாமா?

போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குச் சாம்பல் கூடாது, அது கடும் காரம். முட்டை ஓடு அமில மண்ணில்தான் கரையும். காரமான மண்ணில் பொடித்துப் போட்டாலும் அப்படியே கிடக்கும், கெடுதலும் இல்லை. தொட்டிக் கலவையில் கழுவிய தென்னை நார்க்கழிவு பாதிக்கு மேல் இருந்து, மழைத் தண்ணீர் மட்டுமே ஊற்றி, பிஎச் 5.5-க்குக் கீழே போயிருந்தால் சாம்பல் ஒரு சிட்டிகை தூவலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.